பூக் கேட்டு வாங்கிய வீடு

இப்போது நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குள் நான் முதன்முதலில் துடைப்பமும் பக்கெட்டுமாகத்தான் நுழைந்தேன். ஏற்காட்டிலிருந்து தலைச்சோலைப் பக்கம் போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டை வாங்கி, மரங்களை வெட்டிவிட்டு, சரிவை மூன்று படியாகச் செதுக்கி வில்லா கட்டினார்கள். மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை. ரோட்டு முனையில் கோட்டை வாசல் மாதிரி ஒரு வளைவு. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் வந்து, பனிமூட்டத்தைப் பார்த்த மயக்கத்தில் அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாங்கியவர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை வருவார்கள். மற்ற நாட்களில் வீட்டைக் கூட்டித் துடைத்து, ஜன்னலைத் திறந்து காற்று விட்டு, மறுபடி பூட்டுவது என் வேலை. ஒன்பது வீட்டுச் சாவிகள் என்னிடம் இருந்தன.

பிறகு எல்லாம் இறங்கிப் போயிற்று. நோட்டு செல்லாமல் போனதற்கு அப்புறம் வாங்க வருகிறவர்கள் குறைந்தார்கள். கொரோனா வந்ததும் அடியோடு நின்றது. கட்டிய கம்பெனிக்காரர் போனை எடுப்பதில்லை என்றார்கள். பாதியில் நின்ற வீடுகளில் கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன. உள் ரோட்டின் விரிசலில் உண்ணிச்செடி முளைத்தது. காட்டெருமைகள் பட்டப்பகலில் வந்து யாரோ ஒரு டாக்டருடைய புல்தரையில் படுத்துக் கிடந்தன. வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக, விற்பனைக்கு என்று எழுதிய அட்டையை அனுப்பி என்னையே கேட்டில் கட்டச் சொன்னார்கள். ஒன்பதில் ஏழு வீட்டுக்கு நானே கட்டினேன். மழையில் அட்டையிலிருந்த போன் நம்பர் அழிந்ததே தவிர யாரும் வரவில்லை.

அந்த ஏழில் ஒன்றுதான் இந்த வீடு. நடு வரிசையில் கடைசி. ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த லைன் வீட்டில் பாத்திரத்தை வாசலில் குத்தவைத்துத்தான் கழுவ வேண்டும். மழைக்காலத்தில் முதுகு நனையும். இந்த வீட்டுச் சமையலறையில் இடுப்பு உயரத்துக்குத் தொட்டி. அதற்கு மேலே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மலை. நிமிர்ந்து நின்றபடி பாத்திரம் கழுவலாம். கழுவ எதுவும் இல்லாத நாளிலும் அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து அங்கே நின்று கழுவி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு எதையும் சொல்ல வராது. பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தாலும் கையைத் தூக்கமாட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு இது வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் ஒரு சேலைகூடக் கேட்டதில்லை. அவராக வாங்கி வந்தால் கட்டிக்கொள்வேன்.

அந்த வீட்டுக்காரம்மா சென்னையிலிருந்து போன் செய்தார். "யாரோ ஒருத்தருக்குக் குடுக்கறதுக்கு உனக்கே குடுத்துடலாம்னு இவர் சொல்றாரும்மா. நாங்க வாங்கினதுல பாதி குடுத்தாப் போதும். உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றியா?"

மூன்று நாள் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். நான்காம் நாள் சோறு போடும்போது, யாருக்கோ நடந்த சேதியைப் போலச் சொன்னேன்.

"அந்த நடு வரிசை ஊட்ட விக்கறாங்களாமா."

"வித்தா விக்கட்டும்."

"நம்மகிட்டக் கேக்கறாங்க."

அவருக்குப் புரையேறிவிட்டது. அவர் ஜீப் ஓட்டுகிறவர். சொந்த ஜீப் அப்போது இருந்தது. "ஜீப்ப வித்தா வாசப்படி வரைக்கும் வாங்கிரலாம். அப்பறம் உள்ள போறதுக்கு என்ன பண்ணுவ?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேண்டும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சாதத்துக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஆனால் பேச்சு அவர் மனதில் விழுந்துவிட்டது. பஜாரில் வில்லா விற்கிற புரோக்கர் ஒருவர் இருந்தார். சேலத்துக்காரர். வெயில் காலத்திலும் குரங்குக் குல்லாய் போட்டிருப்பார். என் வீட்டுக்காரர் போய் விசாரித்ததும் புரோக்கர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, இதுக்கு மேல வெல எறங்காதுங்க. இப்பவே இருவது கொண்டை ஊசியும் எறங்கி அடிவாரத்துக்கு வந்துருச்சுங்க."

"அப்படியே சேலம் டவுனுக்குப் போயிருமுங்களா?" என்றார் இவர்.

புரோக்கர் போன பிறகு இவர் முகம் மாறியது. "படிச்சவங்களே ஏமாந்து போன எடம் புள்ள. அவிங்க கெணத்துல உழுந்துட்டு நம்மளக் கூப்படறாங்க. நம்முளுக்கு வேணுமா அது?" என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "செரி, பூக் கேட்டுப்புடலாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். மாப்பிள்ளை பார்ப்பதோ, கிணறு வெட்டுவதோ, மனசு நிலைகொள்ளாத காரியத்துக்கெல்லாம் சாமியிடம் பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு, விவரம் அறியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். ஒரு காரியத்துக்கு ஒருமுறைதான் கேட்கலாம். மறுமுறை கேட்டால் சாமியை நம்பவில்லை என்று அர்த்தம்.

பொட்டலம் மடிப்பது வீட்டுப் பெண்பிள்ளை வேலை. வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு அரளி பறித்து வந்தேன். வாழையிலையில் ஒரே அளவாக இரண்டு துண்டு கிழித்தேன். முதல் துண்டில் வெள்ளை அரளி வைத்து நாரால் கட்டினேன். இரண்டாவது துண்டில் சிவப்பை வைத்தேன். மடிக்கவும் செய்தேன். பிறகு பிரித்து, சிவப்பை எடுத்து அடுப்புச் சாம்பலில் போட்டுவிட்டு, அதிலும் வெள்ளையே வைத்துக் கட்டினேன். அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம், வாயால் சொல்ல வராததைக் கையால் சொல்லிவிட்டேன் என்பதுதான்.

மலை உச்சிக் குகைக் கோயிலில் கூட்டம் அதிகமில்லை. டூரிஸ்ட் குடும்பம் ஒன்று நின்றிருந்தது. அவர்களுடைய நாலு வயதுப் பெண் குழந்தையை இவர் கூப்பிட்டார். "கண்ணு, இதுல ஒண்ண எடுத்து மாமாகிட்டக் குடு சாமி." குழந்தை எடுத்துக் கொடுத்தது. நாரை அவிழ்த்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. அதற்கு முன்னால் அவர் அழுது நான் பார்த்தது எங்கள் மகளுக்குக் கல்யாணமான அன்றைக்கு மட்டும்தான்.

குழந்தை இன்னொரு பொட்டலத்துக்குக் கையை நீட்டியது. "அதுல என்ன இருக்கு?"

"அதப் பிரிக்கக் கூடாது கண்ணு," என்று பூசாரி எடுத்து, வாடிய மாலைகள் கிடந்த கூடையில் போட்டார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஜீப்பை விற்றோம். என் நகையும் போயிற்று. கொஞ்சம் பாங்கில் வாங்கினோம். இவர் இன்னொருவருடைய ஜீப்புக்கு டிரைவராகப் போனார். வருத்தப்படவில்லை. ஜீப் ஸ்டாண்டில் எல்லோரிடமும், சாமி கொடுத்த வீடு என்றே சொன்னார். எனக்கும் முதல் வருஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. குடியிருந்ததே ஐந்து குடும்பம். பொது மோட்டார் ரிப்பேரானால் ஐந்து வீடும் சேர்ந்து சரிசெய்ய வேண்டும். தெருவிளக்கு கிடையாது. இருந்தாலும் தினமும் நின்றபடி பாத்திரம் கழுவினேன்.

அதோடு நின்றிருந்தால் என் பொய் என்னோடு போயிருக்கும்.

இவருக்கு ஒரே தம்பி. தலைச்சோலையில் பரம்பரையாக வந்த காப்பிக் காட்டில் அவர் பங்கு ஒரு ஏக்கருக்குக் குறைவு. காப்பியும் மிளகும் நாலு பலாவும் இருந்தன. நன்றாகப் பாடுபடுவார். வாயைத் திறந்தால் அண்ணி என்ற சொல் இல்லாமல் மூடாது. "அண்ணி, தண்ணி குடுங்க அண்ணி" என்று ஒரு பேச்சில் இரண்டு முறை கூப்பிடுகிற ஆள். அவர் மகள் ஏற்காட்டில் பிளஸ் ஒன் சேர்ந்தாள். மாலை பஸ் தவறினால் அந்தப் பிள்ளை வீடு போய்ச் சேருவது கஷ்டம். அண்ணனும் தம்பியும் ஒரே இடத்தில் இருந்தால் நல்லது என்று இவருக்கு ஆசை. கீழ் வரிசையில் ஒரு வீடு இன்னும் மலிவாக வந்தது. குல்லாய் புரோக்கர்தான் கொண்டுவந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியும் அதைப் பார்க்கப் போனார்கள். நான் சாவி கொண்டுபோனேன். அந்தச் சாவியும் என்னிடம்தான் இருந்தது. தம்பி வீட்டுக்குள் போகவே இல்லை. வீட்டின் பின்பக்கம் போய் மண்ணைக் காலால் கிளறினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"அண்ணா, இது கொட்டுன மண்ணு. நம்ம சின்னதா இருக்கறப்ப இங்க ஓடை போகும், தெரியுமா? தண்ணி போற வழி இது. ரொப்பி மேடாக்கி ஊடு கட்டியிருக்கறாங்க."

"அதுக்குத்தான் கல்லுக் கட்டுச் செவுரு போட்டிருக்குதே."

"செவுரு இருக்குது. தண்ணிக்கு அது தெரியோணுமே."

"டேய், இந்த எடத்துக்கு நா பூக் கேட்டுட்டேன். வெள்ள வந்துது. சாமியே நல்ல எடமுன்னு சொன்னதுக்கப்பறம் நீ மண்ணக் கிளறிப் பாக்கற."

"நானும் ஒருக்கா கேட்டுப் பாக்கட்டுமா?"

"ஒரே எடத்துக்கு ரெண்டு தடவ கேப்பாங்களா? சாமிய என்ன, கடன் குடுக்காத பங்காளின்னு நெனச்சியா, போய்ப் போய்க் கேக்கறதுக்கு?"

தம்பி சிரித்துவிட்டார். ஆனால் மனசு ஒப்பவில்லை. என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க அண்ணி, நீங்களும் அன்னைக்குப் போனீங்கல்ல? நெசமா வெள்ளதான் வந்துதுங்களா அண்ணி?"

வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. கீழே பள்ளத்தில் யாரோ மரம் அறுக்கிற சத்தம் வந்தது. இவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வயதில் இந்தக் காட்டில் மாடு மேய்த்த தம்பி தன் கண்ணை விட்டுவிட்டு என் வார்த்தையைக் கேட்டு நிற்கிறார் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது.

"ஆமாங்க தம்பி. வெள்ளதான் வந்துது" என்றேன்.

வந்தது வெள்ளைதான். அதில் பொய் இல்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வீட்டை வாங்க, தம்பி தன் காப்பிக் காட்டை ஊருக்குள்ளேயே பங்காளி ஒருவருக்கு விற்றார். பத்திரம் எழுத இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் தினம் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுவேன். யாரிடம் முதலில் சொல்வது என்பதிலேயே பகல் போய்விடும். இவரிடம் சொன்னால், சாமி கொடுத்தது என்று ஊரெல்லாம் சொன்ன மனுஷன் எப்படித் தாங்குவார்? தம்பியிடம் சொன்னால் அண்ணன் முகத்தை எப்படிப் பார்ப்பார்? இப்படி மற்றவர்களுக்காக யோசிப்பதுபோல் யோசித்தேன். உண்மையில் என்னை என்ன நினைப்பார்கள் என்கிற பயம்தான். பத்திரம் முடிந்தது. பால் காய்ச்சினார்கள். தம்பி மனைவி முதல் டம்ளரை எனக்குத்தான் கொடுத்தாள். "நீங்க மொதல்ல குடிங்க அக்கா. உங்களாலதான் வந்தோம்" என்றாள்.

போன ஐப்பசி மழை நிற்காமல் பெய்தது. கீழ் வரிசைக் கல்கட்டுச் சுவர் வயிறு மாதிரி முன்னால் தள்ளியது. பிறகு அவர்கள் சமையலறையில் ஒரு விரிசல், அப்புறம் கூடத்தில் ஒன்று. கதவு நிலையில் உரசிக்கொண்டு மூட மறுத்தது. வெளியே போய்ப் பார்த்தால் வீடு பள்ளத்துப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருப்பது எனக்கே தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி இவர் கூப்பிட்டார். தம்பி கேட்கவில்லை. பஜாரிலிருந்து சிமெண்ட் வாங்கி வந்து, வேலையில்லாத நாளெல்லாம் விரிசலைப் பூசினார். பூசிய இடத்துக்குப் பக்கத்தில் புதிதாகப் பிளந்தது. அதையும் பூசினார். காட்டை விற்று வந்தவர். அந்த வீட்டை விட்டுவிட்டால் கையில் வேறொன்றும் இல்லை.

தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு மத்தியானம் நான் கீழே போனேன். இவர் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். தம்பி மேலே நின்று பூசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சிமெண்ட் குழைத்துக் கொடுத்தாள். மகள் அதே சுவருக்கு அடியில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையையாவது மேல அனுப்புங்க தம்பி" என்றேன்.

"பயப்படாதீங்க அண்ணி. சாமி குடுத்த ஊடு, சாமியே கொல்லுமுங்களா அண்ணி?"

அப்போது சொல்லிவிட்டேன். எப்படி ஆரம்பித்தேன் என்பது நினைவில்லை. ரெண்டுலயும் வெள்ளதான் வெச்சேன், செவப்பு வெக்கவே இல்ல, சாமி ஒண்ணுஞ் சொல்லல, நான்தான் சொன்னேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல் கேட்டது.

மகள் எழுதுவதை நிறுத்தினாள். தம்பி ஏணியிலிருந்து நிதானமாக இறங்கினார். கரண்டியைத் தண்ணீர் வாளியில் அலசி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"நா அப்பவே சொன்னனே," என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். "தண்ணி போற வழின்னு."

பொழுது சாய்வதற்குள் சாமான்களை ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு தலைச்சோலைக்கே போய்விட்டார்கள். தம்பி மனைவியின் அம்மா வீடு அங்கே இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டு போனார். நானும் ஏறலாமா என்று நின்றேன். ஏறச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

திரும்பி வந்தவர் சாப்பிடவில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது. சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஊடு வேணுமுன்னு நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா, நா வேண்டான்னா சொல்லியிருப்பேன்?"

நான் தொட்டியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"அன்னைக்கு உன்ன நா கேட்டனே. வேணுமான்னு உம் மூஞ்சியப் பாத்துத்தான் கேட்டேன். நீ வாயத் தொறக்கல. செரி, இவளுக்குப் பயமாட்ட இருக்குது, சாமிகிட்டக் கேட்டா இவளுக்கும் தைரியம் வரட்டுமுன்னு நெனச்சேன். உனக்காகத்தான் கேக்கப் போனேன்."

சிவப்பு வந்தால் வீடு போய்விடுமே என்று பயந்தேன். கேட்டாலே கிடைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியாது. கேட்டுப் பழக்கமில்லாதவளுக்கு அது எப்படித் தெரியும்? அவர் வாங்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாலும் ஒன்றும் கெட்டிருக்காது. அதிகமாய்ப் போனால் இன்னும் வாசலில் உட்கார்ந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். தம்பிக்குக் காடு இருந்திருக்கும்.

கார்த்திகையில் கீழ் வரிசை வீட்டின் பின்சுவர் விழுந்தது. உள்ளே யாரும் இல்லை. நீ சொன்னதால்தான் தப்பித்தார்கள் என்று கட்டிக்கொடுத்த மகள் போனில் சமாதானம் சொன்னாள். அவள் என் மகள், அப்படித்தான் சொல்வாள். இவர் என்னோடு பேசுகிறார். கடைக்குப் போகட்டுமா, மோட்டார் போட்டாயா என்று கேட்கிறார். கோயிலுக்கு மட்டும் தனியாகப் போய் வருகிறார். சாமியிடம் என்ன சொல்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இந்த வீட்டையும் விற்றுத் தம்பிக்குக் கொடுத்துவிடலாம் என்று அவரிடம் சொன்னேன். என் வாயால் நான் அவரிடம் கேட்ட முதல் விஷயம் அது. சரி என்றார். புரோக்கர் வந்து பார்த்தார். குல்லாயைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். "கீழ செவுரு உழுந்தது சேலம் வரைக்கும் தெரிஞ்சு போச்சுங்க. இப்ப இத யாருங்க வாங்குவாங்க?" என்றார். நான் எழுதிய அட்டை கேட்டில் தொங்குகிறது.

தான் விற்ற காட்டிலேயே தம்பி இப்போது கூலிக்குப் போகிறார். அந்தப் பங்காளி அவரை மேஸ்திரியாக வைத்திருக்கிறார். செடிகள் அவர் நட்டவை, அவரைவிட அவற்றை அறிந்தவர் யாரும் இல்லை. பழம் பறிக்கிற பருவத்தில் ஆள் போதாது என்று கேள்விப்பட்டு, தை மாதத்தில் நானும் போக ஆரம்பித்தேன். கூலிக்காக என்றுதான் இவரிடம் சொன்னேன். காலை பஸ்ஸில் போய், இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, மற்ற பெண்களோடு வரிசையில் நிற்பேன். தம்பி மனைவி இரண்டு வரிசை தள்ளி இருப்பாள். இடைவேளையில் தண்ணீர்ச் செம்பை எல்லோருக்கும் நீட்டுகிறபோது எனக்கும் நீட்டுவாள்.

ஐந்தாம் நாள் தம்பி என் வரிசைக்கு வந்தார். என் பைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே கைவிட்டு இரண்டு மூன்று காய்களை எடுத்துத் தனியாகப் போட்டார்.

"பச்சைய உட்ருங்க. பழத்த மட்டும் பறிங்க" என்றார்.

எல்லாப் பெண்களிடமும் சொல்வதுபோலத்தான் சொன்னார். பேச்சின் கடைசியில் அண்ணி என்று வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அவர் அடுத்த செடிக்குப் போய்விட்டார். நான் சரிங்க என்று சொல்லிவிட்டுப் பழமாகப் பார்த்துப் பறித்தேன்.